ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வடித்து ஊற்றவா, பேனைக் கழற்றவா, மெஷினில் மாற்றவா?

இஞ்சின் ஆயில் விஷயத்தில் கறாராக இருப்பவர்கள்கூட கியர்பாக்ஸ் ஆயில் என்று வந்தால் தடுமாறிப்போகிறார்கள். "அது ஆயுசுக்கும் போட்டது, தொடாதீங்க" என்பார் ஒருவர். "மெஷின்ல போட்டு முழுசா மாத்திடுங்க" என்பார் இன்னொருவர். "கீழ போல்ட்டைத் திறந்து வடிச்சுட்டு, வடிஞ்ச அளவு ஊத்தினா போதும்" என்பது மூன்றாவது கட்சி. இதற்கெல்லாம் மேலாக, "ரொம்ப ஓடின வண்டியில மாத்தினா கியர்பாக்ஸே போயிடும்" என்று ஒரு எச்சரிக்கையும் காதில் விழும். நான்கிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்கக் கஷ்டமாக இருக்கிறது.

## முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எது?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் ஒரே ரகம் கிடையாது. டார்க் கன்வர்ட்டரும் (இஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ளே பல அடுக்கு கிளட்ச் தட்டுகளும் உள்ளதுதான் வழக்கமான ஆட்டோமேட்டிக். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. சிவிடி வகையில் எஃகு பெல்ட்டோ சங்கிலியோ இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஓடும். அதற்கென்றே தனி ஆயில் உண்டு. சாதாரண ஏடிஎஃப் (வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லியில் கீறல் விழுந்து, கியர்பாக்ஸ் பெட்டியே வீணாகலாம். இரட்டை கிளட்ச் பெட்டிகளில் ஈர வகைக்கு (கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது) ஆயிலும் ஃபில்டரும் குறித்த இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் 6 வேக ஈர வகைக்குச் சுமார் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கியரையும் கிளட்சையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி மாற்றுகிறது, அவ்வளவே. அதில் இருப்பது கியர் ஆயில். கீழே சொல்லும் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

வண்டியோடு வந்த கையேட்டில் கியர்பாக்ஸ் ஆயிலின் பெயர் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

- பழைய ஆயிலில் எவ்வளவு உண்மையில் வெளியே போகிறது?
- ஆயிலோடு சேர்ந்த அழுக்கு, அதாவது ஃபில்டரிலும், பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனில் உள்ள காந்தத்திலும் பிடித்திருப்பது, வெளியே போகிறதா?
- வேலை செய்பவர் தப்பு செய்ய எத்தனை இடம் இருக்கிறது?
- எத்தனை லிட்டர், எவ்வளவு நேரக் கூலி?
- இந்தப் பெட்டிக்கு இதுவரை என்ன நடந்திருக்கிறது?

பெரும்பாலும் பேசப்படுவது முதல் கேள்விதான். நூற்றுக்குத் தொண்ணூறு மாறியதா, நாற்பது மாறியதா என்று வாதாடுவார்கள். என் கணக்கில் ஐந்தாவதற்குத்தான் முதல் இடம், அடுத்தது மூன்றாவதற்கு. சரியான ஆயிலைச் சரியான அளவில் பாதி மாற்றிய பெட்டி நன்றாக ஓடும். தப்பான ஆயிலை முழுதாக ஊற்றிய பெட்டி ஓடாது.

இந்த ஆயில் உயவுக்கு மட்டும் இருப்பதில்லை. டார்க் கன்வர்ட்டருக்குள் இஞ்சினின் சுழற்சியைக் கடத்துவது, வால்வ் பாடி (ஆயிலை எங்கே அனுப்புவது என்று திருப்பிவிடும் பாகம்) வழியே பிரஷர் கொடுத்துக் கிளட்ச் தட்டுகளை அழுத்துவது, சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவது எல்லாம் இதன் வேலை. கிளட்ச் எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்கள்தான் தீர்மானிக்கின்றன. சூட்டில் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும், சேர்மானங்கள் தீரும், பிசுபிசுப்பு குறையும், தட்டுகளிலிருந்து உதிரும் தூள் கலக்கும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. சில ஆயில்கள் சீக்கிரமே கறுத்தாலும் வேலை செய்துகொண்டிருக்கும். கருகிய வாசனை வந்தால் அது வேறு விஷயம். உள்ளே ஏதோ வழுக்கிச் சூடாகியிருக்கிறது.

## வழி 1: தொடாமல் விடுவது

"ஆயுசுக்கும் போட்டது" என்பதில் யாருடைய ஆயுசு என்று கேட்க வேண்டும். முதல் உரிமையாளர் வாரண்டிக் காலத்தோடு வண்டியை விற்றுவிடுவார் என்றால் அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். வண்டியைப் பதினைந்து வருஷம் வைத்திருக்க நினைப்பவருக்கு அந்த வாக்கியத்தால் பயனில்லை.

ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் பல கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தருகிறது. அதே பெட்டியைப் பூட்டும் கார் கம்பெனி "மாற்றத் தேவையில்லை" என்று கையேட்டில் போட்டிருக்கும். பெட்டியைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. அதற்கென்று ஆயில், பேன், போல்ட் எல்லாம் அடங்கிய கிட்டும் விற்கிறது. நான் பெட்டியைச் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பின்னால்தான் தெரியும். கியர் மாறும்போது லேசான உதறல், ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி தாமதம், பிறகு வால்வ் பாடி, கடைசியில் முழுப் பெட்டி. ஆயில் மாற்றும் செலவை அந்தக் கடைசி பில்லோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்.

தொடாமல் விடுவதே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. வண்டியை அடுத்த சில மாதத்தில் விற்கப்போகிறீர்கள், பெட்டி நன்றாக இருக்கிறது என்றால் விட்டுவிடலாம். பெட்டி ஏற்கெனவே வழுக்குகிறது, பழுதுபார்க்கப் பிரிக்கத்தான் போகிறீர்கள் என்றாலும் இப்போது ஆயில் ஊற்றுவது வீண்.

## வழி 2: வடித்து ஊற்றுவது

இது எளிமையானது, என் கட்சியும் இதுதான். கீழே உள்ள ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால் பேனில் இருக்கும் ஆயில் மட்டும் வடியும். டார்க் கன்வர்ட்டர், கூலர் குழாய், வால்வ் பாடி ஆகியவற்றில் உள்ளது அங்கேயே நிற்கும். பல கார்களில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும்.

மொத்தம் 8 லிட்டர், ஒரு தடவைக்கு 3.5 லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை செய்தால் உள்ளே இருப்பதில் 44 சதவீதம் புது ஆயில். கொஞ்ச தூரம் ஓட்டிக் கலக்கவிட்டு இரண்டாம் முறை செய்தால் 68. மூன்றாம் முறையில் 82. நான்காவதில் 90-ஐத் தொடும். ஒவ்வொரு தடவையும் பலன் குறைந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். இரண்டாம் முறை வடிக்கும் 3.5 லிட்டரில் ஒன்றரை லிட்டர் நீங்கள் ஏற்கெனவே ஊற்றிய புது ஆயில்தான்.

அதனால் ஒரே வாரத்தில் மூன்று தடவை செய்வதைவிட, இஞ்சின் ஆயில் மாற்றும்போது ஒருமுறை இதையும் செய்துகொள்வது நல்லது. இரண்டு மூன்று சர்வீஸில் பெட்டி பெரும்பாலும் புது ஆயிலுக்கு வந்துவிடும். மாற்றம் படிப்படியாக நடப்பதால் பழைய பெட்டிக்கும் அதிர்ச்சி இருக்காது. அப்புறம், ஒவ்வொரு தடவையும் வடிந்த ஆயிலைப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. போன தடவையைவிடத் தெளிவாக இருக்கிறதா, வாசனை எப்படி என்று பார்த்து வைத்தால் பெட்டியின் உடல்நிலை புரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஃபில்டர் மாறாது. காந்தத்தில் ஒட்டிய தூள் அப்படியே இருக்கும். சில வண்டிகளில் ட்ரெயின் போல்ட்டே கிடையாது, பேனைக் கழற்றினால்தான் வடியும். மறைமுகச் செலவு என்றால் ஒவ்வொரு முறையும் போல்ட்டுக்குப் புது வாஷர், வீணாகும் கொஞ்சம் புது ஆயில், பழைய ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அலைச்சல்.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது துருவேறி இறுகிக் கிடக்கும்போது கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டால், வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது.

## வழி 3: பேனைக் கழற்றி, ஃபில்டரும் மாற்றுவது

வடியும் ஆயிலின் அளவு கிட்டத்தட்ட வழி 2 மாதிரியே, கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வித்தியாசம் அழுக்கில் இருக்கிறது.

பேனைக் கீழே இறக்கியதும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தங்களைப் பாருங்கள். நன்றாக ஓடிய பெட்டியின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசைபோல மெல்லிய படிவு இருக்கும். விரலில் தேய்த்தால் மை மாதிரி வழவழப்பாக இருக்கும், குத்தாது. அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். விரலில் நெருடும் துணுக்குகளோ, மின்னும் சில்லுகளோ, காந்தத்தில் ஒட்டாத பித்தளை நிறத் துகளோ கிடைத்தால் பேச்சே வேறு. ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இந்த ஒரு பார்வைக்காகவே வண்டியின் ஆயுளில் ஒருமுறையாவது பேனைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன், முக்கியமாகப் பழைய வண்டி வாங்கியவர்களுக்கு.

ஃபில்டர் எல்லா வண்டியிலும் இப்படிக் கைக்கு எட்டாது. சிலவற்றில் வெறும் உலோக வலை, கழுவினால் போதும். சிலவற்றில் பெட்டியைப் பிரித்தால்தான் ஃபில்டரையே பார்க்க முடியும். இசட்எஃப்பின் 6, 8 வேகப் பெட்டிகள் பலவற்றில் பேன் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டர் அதிலேயே சேர்ந்து வரும். மாற்றினால் முழு பேனும் புதிது. ஆகவே செலவு வண்டிக்கு வண்டி பெரிதாக மாறும்.

மறைமுகச் செலவு கேஸ்கெட்டில் (பேனுக்கும் பெட்டிக்கும் நடுவே கசிவைத் தடுப்பது) இருக்கிறது. பழைய கேஸ்கெட்டின் ஒட்டலைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழுந்தால் கசியும். பேன் போல்ட்டுகள் சின்னவை, குறைந்த டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்க வேண்டியவை. பலத்தைக் காட்டினால் தகட்டு பேன் வளையும், இல்லை மரை போகும். கைத்திறமை இல்லாத இடத்தில் இதைக் கொடுக்காதீர்கள்.

## வழி 4: மெஷின் வைத்து முழுதாக மாற்றுவது

கூலருக்குப் போகும் குழாயில் மெஷினை இணைத்து, ஒரு பக்கம் பழையது வெளியேற மறுபக்கம் புதியது ஏறும். டார்க் கன்வர்ட்டரில் இருப்பதும் சேர்ந்து மாறுவதால் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே உட்காரலில் புதிதாகிவிடும். அதற்கு மொத்தக் கொள்ளளவைவிட அதிகமான ஆயில் தேவை; 8 லிட்டர் பெட்டிக்கு 10-12 லிட்டர் போகலாம்.

இதில் இரண்டு ரகம் உண்டு. பெட்டியின் சொந்த பம்ப் தள்ளும் வேகத்திலேயே மாற்றும் மெஷின் ஒன்று. வெளியிலிருந்து பிரஷர் கொடுத்து, சில சமயம் கழுவும் ரசாயனமும் சேர்த்துத் தள்ளுவது இன்னொன்று. முதலாவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. இரண்டாவதை என் வண்டியில் அனுமதிக்க மாட்டேன்.

கேட்டுத் தெளிய வேண்டியவை: மெஷினில் முந்தைய வண்டியின் ஆயில் மிச்சம் இருக்கிறதா? போடப்போவது என் வண்டிக்கான ஆயிலா, பீப்பாயில் இருக்கும் "எல்லா வண்டிக்கும் ஆகும்" ஆயிலா? ஃபில்டரும் மாற்றுவீர்களா? மூன்றாவதற்கு "தேவையில்லை சார்" என்ற பதில்தான் அதிகம் வரும். புது ஆயில் முழுதும் ஊற்றி, அதை அழுக்கடைந்த ஃபில்டர் வழியே ஓடவிடுவதில் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

மெஷின்தான் சரி என்ற சூழ்நிலைகளும் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் 8எல்90, 8எல்45 என்ற 8 வேகப் பெட்டிகளில் உதறல் வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆயிலை முழுதாக வெளியேற்றி வேறு ரக ஆயிலை நிரப்புவதுதான் கம்பெனி சொன்ன தீர்வு. பழையது கொஞ்சம்கூட மிஞ்சக் கூடாது என்ற இடத்தில் வடித்து ஊற்றுவது பொருந்தாது. தப்பான ஆயில் ஊற்றப்பட்டுவிட்டது, கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்து ஆயில் பால்போல ஆகிவிட்டது என்றாலும் முழு மாற்றம்தான் முதல் படி. தண்ணீர் கலந்தபடி ஓட்டியிருந்தால் கிளட்ச் தட்டுகளின் ஒட்டு விட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

## "மாத்தினா போயிடும்" என்ற பயம்

இது முழுப் புரளி அல்ல. தேய்ந்த கிளட்ச் தட்டுகளின் தூள் பழைய ஆயிலில் மிதந்துகொண்டு கொஞ்சம் பிடிப்பைத் தந்துகொண்டிருக்கும். புது ஆயிலின் சுத்தப்படுத்தும் குணம் படிந்திருக்கும் கசடையும் கிளறிவிடலாம். ஆனால் கதைகளைக் கேட்டுப்பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பெட்டி வழுக்க ஆரம்பித்தது, அதற்கு மருந்தாக ஆயில் மாற்றினார்கள், ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. வழுக்க ஆரம்பித்தபோதே அது போயாயிற்று. பழி கடைசியாகக் கைவைத்தவர் மேல் விழுகிறது.

அதனால் 150,000 கி.மீ. ஓடி ஒருமுறையும் மாற்றாத பெட்டி, நன்றாகவே கியர் மாறுகிறது என்றால் ஒரு தடவை வடித்து ஊற்றுங்கள், சில மாதம் கழித்து இன்னொரு தடவை. மெஷின் வேண்டாம். ஏற்கெனவே வழுக்கினால் ஆயிலை நம்பாமல் கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மிதமான வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவதுபோல ஓர் அதிர்வு மட்டும் வந்தால் நம்பிக்கை உண்டு. அது டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் உதறுவது. சரியான புது ஆயில் அதைச் சரிசெய்துவிடுவது பல தடவை நடக்கிறது.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | தொடாமல் விடுவது | வடித்து ஊற்றுவது | பேன், ஃபில்டருடன் | மெஷின் |
|---|---|---|---|---|
| ஒரு தடவையில் மாறும் ஆயில் | இல்லை | மூன்றில் ஒன்று முதல் பாதி | அதே அளவு, சற்றுக் கூட | 90 சதவீதத்துக்கு மேல் |
| ஃபில்டர், காந்தம் | அப்படியே | அப்படியே | சுத்தமாகும் | தனியாகக் கேட்டால்தான் |
| ஆயில் செலவு | இல்லை | குறைவு | குறைவு | அதிகம் |
| கூலி, உதிரி | இல்லை | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| தப்பு நடக்கும் இடம் | இல்லை | லெவல் | லெவல், கேஸ்கெட், போல்ட் | ஆயில் ரகம், பிரஷர், லெவல் |
| எப்போது ஏற்றது | விற்கும் வண்டி, பிரிக்கப்போகும் பெட்டி | வழக்கமான பராமரிப்பு, வரலாறு தெரியாத வண்டி | 80,000 கி.மீ. தாண்டியது, பழைய வண்டி வாங்கியவுடன் | தப்பான ஆயில், தண்ணீர் கலப்பு, கம்பெனி சொன்னால் |

## எந்த வழியானாலும் லெவல்

நான்கு வழியில் எதைத் தேர்ந்தாலும் காரியம் கெடும் இடம் இதுதான். டிப்ஸ்டிக் இருக்கும் வண்டியில் பிரச்சினை குறைவு. இப்போது பல கார்களில் அது கிடையாது. வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய்த் திரும்பப் பார்க்கில் வைத்து, ஆயிலின் சூடு கம்பெனி சொன்ன வரம்புக்குள் (பல பெட்டிகளில் 35 முதல் 45 டிகிரி வரை) வரும்போது லெவல் போல்ட்டைத் திறக்க வேண்டும். ஆயில் கம்பிபோல ஒழுகி, மெல்லச் சொட்டுச் சொட்டாக மாறும். அந்த நொடியில் மூட வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் ஆயில் குறைவு, இன்னும் ஊற்ற வேண்டும்.

சூடு கூடினால் ஆயில் விரியும். அதனால் 70 டிகிரியில் பார்த்து மூடினால் உள்ளே குறைவாகத்தான் இருக்கும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கியர் விழத் தாமதமாகும், கிளட்ச் வழுக்கும். அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். அப்போதும் பிரஷர் விழும். வேலை செய்யப்போகிறவரிடம் "லெவல் எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். வீட்டில் செய்வதானால் வண்டியின் கணினியோடு இணைத்து ஆயில் சூட்டைக் காட்டும் ஓபிடி கருவி ஒன்று வேண்டும். வடிந்ததை அளவுச் சாடியில் அளந்து, அதே அளவு ஊற்றுவது முதல் கட்டத்துக்குப் போதும். லெவல் பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

## எந்த ஆயில்

கையேட்டில் உள்ள பெயரையே தேடுங்கள். டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஆயில், அதற்கு முந்தைய டி-4 ரகத்தைவிடப் பிசுபிசுப்பு குறைந்தது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான்-6 ஆயிலைப் பழைய டெக்ஸ்ரான்-3 கேட்கும் பெட்டியில் போடலாம், தலைகீழாகப் போடக் கூடாது. வேறு கம்பெனி ஆயில் வாங்கினால் தப்பில்லை, டப்பாவில் உங்கள் ரகத்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். சிவப்பு என்பது வெறும் சாயம்; இசட்எஃப்பின் 8 வேகப் பெட்டிக்கான ஆயில் பச்சை.

## யாருக்கு எது

புதிதாக வாங்கி, நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறவர்: நெரிசலிலும் மலையிலும் அதிகம் ஓட்டினால் 50,000-60,000 கி.மீ.யிலேயே ஒருமுறை வடித்து ஊற்றிவிடுங்கள், 100,000-ஐ நெருங்கும்போது பேனும் ஃபில்டரும். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு முதல் மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

பழைய வண்டி வாங்கியவர், ரசீது எதுவும் இல்லாதவர்: பேனைக் கழற்றிக் காந்தத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள். பிறகு இரண்டு சர்வீஸில் வடித்து ஊற்றினால் போதும்.

டிரெய்லர் இழுப்பவர்: இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். சூடுதான் இந்த ஆயிலின் முதல் எதிரி.

சிவிடி வைத்திருப்பவர்: கம்பெனி ஆயில், வடித்து ஊற்றும் வழி மட்டும்.

மாற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் கியர் விழுவது கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் பதற வேண்டாம். கணினி பழைய ஆயிலுக்கு ஏற்பப் பழகியிருக்கும். சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அந்தப் பழக்கத்தை அழித்துப் புதிதாகக் கற்கவைக்கவும் வேண்டியிருக்கும். ஒரு வாரம் கழித்து வண்டி நிற்கும் இடத்தில் ஓர் அட்டையை விரித்துவைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.